இரண்டாவது ஓட்டம்

1998 அக்டோபர் 5, திங்கள்

டேப் டிரைவ் வந்துவிட்டது. மதுரையிலிருந்து பஸ்ஸில் போட்டு அனுப்பியிருந்தார்கள். சோப்புப் பெட்டி அளவில் மூன்று டேப், மென்பொருள் மூன்று ஃபிளாப்பியில், ஒரு சாம்பல் நிறக் கேபிள், ஒரு விளக்கப் புத்தகம். புத்தக அட்டையில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே டேப்பைச் செருகுகிறாள். அவளிடம் எங்கள் 486 கம்ப்யூட்டரைக் கொடுத்துப் பார்க்க வேண்டும், சிரிப்பு எங்கே போகிறது என்று.

தென்காசி ஈரத்தில் ஃபிளாப்பிக்கெல்லாம் பூஞ்சை பிடித்து ஒன்பதாம் வகுப்புப் புத்தகம் பாதி போனதிலிருந்து தாளாளர் அருமைநாயகம் சார் இதற்காகத்தான் ஆலாய்ப் பறந்தார். விரலால் தடவிப் படிக்கிற பிரெய்ல் புத்தகம் போடும் அச்சகம் எங்களுடையது. ஒரு பாடத்தைத் தட்டச்சு செய்து திருத்தி முடிப்பதற்குள் உயிர் போய் உயிர் வரும். அதைத் தொலைத்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

மூன்று ஃபிளாப்பியையும் போட்டு ஏற்றினேன். கடைசியில் திரையில் ஒரே வரி: டேப் டிரைவ் காணப்படவில்லை. கண்ணெதிரே இருக்கிறது, மூதிக்குத் தெரியவில்லையாம்.

அக்டோபர் 6

இன்றும் காணப்படவில்லை. மூன்று முறை அழித்து மூன்று முறை ஏற்றினேன். மதுரைக்கு போன் போட்டால் பத்ரி என்ற பையன்தான் எடுக்கிறான். எதைச் சொன்னாலும் "ஒண்ணும் பிரச்சனையில்ல மேடம்" என்கிறான். பிரச்சனை இல்லையென்றால் நான் எதற்கு எஸ்.டி.டி. போடுகிறேன்?

அக்டோபர் 7

கேபிளைத் தலைகீழாகச் செருகியிருக்கிறேன். சிவப்புக் கோடு உள்பக்கம் வர வேண்டுமாம். (போட்டது நான்தான். புத்தகத்தில் இருட்டாக ஒரு படம் போட்டால் யார் கண்டார்கள்?) அதைச் சரிசெய்தபின் சவுண்டு கார்டோடு சண்டை பிடித்தது. அதையும் கழற்றி வைத்தேன். காலை பதினொன்றரைக்கு டிரைவ் காணப்பட்டது.

டேப்பை ஃபார்மட் செய்யவே ஒன்றரை மணி நேரம். டேப் ஒரு முனை வரைக்கும் ஓடி, நின்று, திரும்பி ஓடி, நின்று, மறுபடி. எங்கள் பிழைதிருத்துநர் சொரிமுத்து சார் எழுந்து வந்து கம்ப்யூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டார். அவருக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. ஐம்பத்திரண்டு வயது, எட்டு வருடமாகத் தற்காலிகம்.

"தறி ஓடுத மாதிரில்லா இருக்கு மேடம். எங்க அப்பா தறிக்காரரு" என்றார்.

மூன்று டேப்புக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்று பிரெய்லில் குத்தி ஒட்டியவரும் அவரே. டேப்பைப் பீரோவில் பூட்டிவைக்கும் பொறுப்பை அவருக்குக் கொடுத்தாயிற்று. பதிவேடு என் பொறுப்பு. தேதி, டேப் எண், 'எழுதியது', 'சரிபார்த்தது' என்று தாளாளரே கைப்பட நான்கு கட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

அக்டோபர் 9, வெள்ளி

முதல் பேக்கப். எழுத ஐம்பது நிமிடம். பிறகு டேப்பை முதலிலிருந்து ஓட்டி, எழுதியது டிஸ்க்கில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க இன்னொரு ஐம்பது நிமிடம். அதுதான் 'சரிபார்த்தது'. முடிவில், மூன்று கோப்பு ஒத்துப்போகவில்லை என்றது. பத்ரியைக் கேட்டேன். அது விண்டோஸ் தன் சொந்த வேலைக்கு எழுதி எழுதி அழிக்கும் கோப்பு, எப்போதும் மாறும், பாடக் கோப்பு இல்லை, ஒண்ணும் பிரச்சனையில்ல மேடம்.

இரண்டு கட்டத்திலும் டிக்.

அக்டோபர் 16, வெள்ளி

நான்கு மணிக்குக் கரண்ட் போனது. யு.பி.எஸ். இருபது நிமிடம் தாங்கியது. சரிபார்ப்பு பாதியில் நின்று, டேப்பைச் சுற்றவும் முடியாமல், எடுக்கவும் முடியாமல், எரிச்சலோ எரிச்சல். கரண்ட் வந்தபின் முதலிலிருந்து. கடைசி பஸ் ஏறி வீட்டுக்குப் போனால் இவர் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அக்டோபர் 23, வெள்ளி

மென்பொருளின் அமைப்புகளைத் துருவிப் பார்த்ததில் இரண்டு விஷயம் கிடைத்தது. ஒன்று, வேகம்: 'மெதுவாக' என்று இருந்ததை 'வேகமாக' என்று மாற்றலாம். இரண்டு, 'எழுதியபின் ஒப்பிடு' என்ற சின்னக் கட்டம். அதை எடுத்துவிட்டேன். எப்படியும் அதே மூன்று கோப்பைத்தானே சொல்லப் போகிறது.

இருபத்தெட்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. முதலிலேயே தெரியாமல் போயிற்றே!

டேப்பை வாங்கிக்கொள்ள வந்த சொரிமுத்து சார், "இன்னைக்கு ஒரு ஓட்டத்தோட நின்னுட்டே மேடம்?" என்று கேட்டார்.

"புது செட்டிங் சார்" என்றேன்.

"அப்படியா" என்று டேப்பை வாங்கிக்கொண்டு போனார். பதிவேடு எழுதினேன், வழக்கம்போல. ஒரு கட்டத்தை மட்டும் வெறுமனே விட்டால் தாளாளர் ஆயிரம் கேள்வி கேட்பார். நான்கு மணி பஸ் கிடைத்தது.

நவம்பர் 13, வெள்ளி

மழை. டேப் ஒன்று. டிக், டிக்.

நவம்பர் 27, வெள்ளி

பிளஸ் டூ வரலாறு ஏழாம் பாடம் முடிந்தது. மற்ற புத்தகங்களெல்லாம் அச்சாகிப் போய்விட்டன. வரலாறுதான் பாக்கி, மொத்தம் பதினான்கு பாடம். எங்கள் புத்தகத்தை நம்பி இந்தச் சுற்றுவட்டாரத்தில் பதினேழு பிள்ளைகள் மார்ச் 17-ம் தேதி வரலாற்றுப் பரீட்சை எழுதப் போகிறார்கள். பொங்கலுக்குள் முடித்து, பொங்கல் கழிந்ததும் அச்சு.

இந்தப் பாடங்களில் வரைபடம் அதிகம். தடவித் தெரிகிற வரைபடம் போட எங்களிடம் இயந்திரம் கிடையாது. சொரிமுத்து சார் ஒவ்வொன்றையும் வார்த்தையாக்கிச் சொல்லச் சொல்ல நான் அடிக்கிறேன். "மேசையில் உன் பக்கத்து விளிம்பைக் கன்னியாகுமரி என்று வைத்துக்கொள். வலது கையைக் கரையோரமாக ஒரு சாண் மேலே கொண்டுபோனால் சென்னை." இப்படி இருபத்தாறு வரைபடம். நான் கண்ணால் படித்தபோது புரியாத போர்களெல்லாம் இப்போதுதான் எனக்கே புரிகின்றன. இதை அவரிடம் சொன்னதற்குச் சிரித்துவிட்டு, பதினோராம் வரியில் ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கிறது என்றார். மனுஷன் அப்படித்தான்.

ஏப்ரலில் அவரை நிரந்தரமாக்குவதாகத் தாளாளர் வாக்குக் கொடுத்திருக்கிறார். மகள் நர்சிங் சேர்ந்திருக்கிறாள். ஏப்ரல் ஏப்ரல் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

டிசம்பர் 18, வெள்ளி

டேப் மூன்று. டிக், டிக். கிறிஸ்துமஸுக்கு முறுக்கு மாவு அரைக்க வேண்டும்.

1999 ஜனவரி 12, செவ்வாய்

பதினான்காம் பாடம் திருத்தி முடித்தாயிற்று! நாளை முதல் பொங்கல் லீவு என்பதால் இன்றைக்கே டேப்பில் ஏற்றினேன். திருத்திய பிரெய்ல் தாளையெல்லாம் வழக்கப்படி சொரிமுத்து சார் அன்றன்றே கிழித்துப் போட்டுவிட்டார். பிழையுள்ள தாள் தப்பித்தவறிப் பிள்ளைகள் கைக்குப் போய்விடக் கூடாது என்பது இங்கே கண்டிப்பு.

ஜனவரி 18, திங்கள்

கம்ப்யூட்டரைப் போட்டால் டக், டக், டக். வேறு ஒன்றும் வரவில்லை. ஹார்டு டிஸ்க் போய்விட்டது.

நான் பதறவில்லை. டேப் இருக்கிறதே. தாளாளரும் பதறவில்லை. "இதுக்குத்தானே வாங்கினோம்" என்று பெருமையாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். புது டிஸ்க் நாளை வரும்.

ஜனவரி 20, புதன்

டிஸ்க்கை மாட்டி, விண்டோஸ் ஏற்றி, டேப் மென்பொருளை ஏற்றி (கேபிள் இந்த முறை சரி), கடைசி டேப்பைப் போட்டேன். வரலாறு ஆறு பாடம் வந்தது. ஏழாம் பாடத்தில் டேப் முன்னும் பின்னும் திக்கி, இந்தப் பகுதியைப் படிக்க முடியவில்லை என்றது. தொடரவா என்று கேட்டது. தொடரச் சொன்னேன். மறுபடி முடியவில்லை. மறுபடி.

இன்னொரு டேப்பிலும் அதே. மூன்றாவதிலும் அதே. டேப்பைப் படிக்கும் டிரைவ் ஹெட்டைப் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்துப் பார்த்தேன். டேப்பை முழுக்கச் சுற்றி இறுக்கிப் பார்த்தேன். சாயங்காலம் வரை மாற்றி மாற்றிப் போட்டேன். ஆறு பாடத்துக்குமேல் ஒரு வரி கூட வரவில்லை.

சொரிமுத்து சார் தன் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

ஜனவரி 21

தாளாளர் வந்தார். முகம் கறுத்துவிட்டது. எட்டுப் பாடம், இருபத்தோரு வரைபடம், ஐம்பத்தைந்து நாள்.

பதிவேட்டை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். "எழுதியிருக்கு. சரியும் பாத்திருக்கு. ஒரு வாரம் விடல. அப்போ பீரோவுக்குப் போனதுக்கப்புறம்தான் கெட்டிருக்கு." பிறகு என் பக்கம் குனிந்து, மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "கண்ணு தெரியாதவர்ட்ட போய் இதக் குடுத்தது என் தப்பு. எங்கயாவது கீழ போட்டிருப்பாரு. பாவம், அவரு என்ன செய்வாரு" என்றார்.

அறை அவ்வளவு பெரியதில்லை. சொரிமுத்து சாரின் விரல் தாள்மேல் நின்றுபோனது. பிறகு மறுபடி ஓடியது.

எனக்குத் தலைவலி. சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒருவேளை உண்மையிலேயே கீழே போட்டிருக்கலாம். யாருக்குத் தெரியும்?

ஜனவரி 23, சனி

பத்ரி மதுரையிலிருந்து நேரில் வந்தான். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. மூன்று டேப்பையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"கீழ விழுந்த டேப்பு இது இல்ல மேடம். ஒரு கீறல்கூட இல்ல" என்றான். அமைப்புகளைத் திறந்து பார்த்தான். "ஸ்பீடு வேகமா இருக்கே. இந்தப் பழைய போர்டு அதத் தாங்காது. எழுதுறப்பவே பாதி தப்பாப் பதிஞ்சிருக்கும். ஆனா ஒப்பிட்டுப் பாக்குறப்ப அது சொல்லியிருக்கணுமே? மூணு ஃபைல் இல்ல, முந்நூறு ஃபைல் தப்புன்னு வந்திருக்கணுமே?"

"காபி குடிக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

என்னை ஒரு நிமிடம் பார்த்தான். "குடிக்கிறேன்" என்றான். 'டேப்புகளைப் படிக்க இயலவில்லை' என்று மட்டும் ரிப்போர்ட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டான். போகும் முன் வேகத்தைக் குறைத்து வைத்து, ஒப்பிடும் கட்டத்திலும் டிக் போட்டுவிட்டுப் போனான்.

ஜனவரி 25, திங்கள்

ஏழாம் பாடத்தை மறுபடி அடிக்க ஆரம்பித்தோம். பாடம் அச்சுப் புத்தகத்தில் இருக்கிறது. வரைபடத்துக்கான வார்த்தைகள் எங்கேயும் இல்லை, சொரிமுத்து சாரின் தலையைத் தவிர. ஒவ்வொன்றாக யோசித்துச் சொல்கிறார். பத்துக்கு ஏழு வார்த்தை அப்படியே வருகிறது. வராத இடத்தில் நெற்றியைத் தட்டிக்கொள்கிறார்.

டேப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. பீரோ சாவியைத் தாளாளர் அவரிடமிருந்து வாங்கிக்கொண்டார். சாவி இருந்த பையை அவர் கை இரண்டு மூன்று தடவை தடவிப் பார்த்தது.

ஜனவரி 29, வெள்ளி

தாளாளர் ஒரு கடிதத்தைக் கையால் எழுதிக் கொண்டுவந்து தட்டச்சு செய்யச் சொன்னார். 'பேக்கப் டேப்புகளைக் கவனக்குறைவாகக் கையாண்டு சேதப்படுத்திய காரணத்தால், திரு. ப. சொரிமுத்து அவர்களின் பணியை நிரந்தரமாக்கும் பரிந்துரை விலக்கிக்கொள்ளப்படுகிறது. மார்ச் 31-க்குப்பின் பணி நீட்டிப்பு இல்லை.'

அடித்தேன். என் வேலை அதுதானே. நான்கு அடி தூரத்தில் அவர் எட்டாம் பாடத்தைத் தடவிக்கொண்டிருந்தார். என் கீபோர்டு சத்தத்தைக் கேட்டுவிட்டு, "எட்டாம் பாடமா மேடம்? வேகமா அடிக்கீங்களே" என்றார்.

"ஆமா சார்" என்றேன்.

கடிதத்தை அச்செடுத்தேன். எடுத்து மேசை டிராயரில் போட்டுவிட்டு, தாளாளரிடம் பிரிண்டர் மக்கர் பண்ணுகிறது, நாளை தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பிரிண்டர் நன்றாகத்தான் இருக்கிறது.

பொய், பொய், பொய். அக்டோபர் 23-லிருந்து ஒரு வெள்ளிக்கிழமை கூட நான் சரிபார்க்கவில்லை. ஒரே ஒரு நாள் கூட இல்லை. பஸ்ஸுக்காக. போதுமா? எழுதிவிட்டேன்.

ஜனவரி 30, சனி

டிராயரில் இருந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு தாளாளர் வீட்டுக்கே போனேன். செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே சொன்னேன், உட்கார்ந்தால் வாய் வராது என்று. கட்டத்தை எடுத்தது, வேகத்தைக் கூட்டியது, பதிவேட்டில் டிக் போட்டது, பத்ரி சொன்னது, எல்லாம்.

"பதிவேட்டப் பாத்துத்தானே நான் அவர அப்படிப் பேசினேன்" என்றார். பிறகு, "அவர் காதுபடப் பேசினேனே ஜெபக்கனி" என்றார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

கடிதத்தை வாங்கிக் கிழித்தார். எனக்கு மெமோ உண்டு, பிரிவுப் பொறுப்பு இனி கிடையாது, சாவி சொரிமுத்து சாரிடமே திரும்பிப் போகும் என்றார். "நான் போய் அவர்ட்ட மன்னிப்புக் கேக்கணும். உன் பங்க நான் சொல்லமாட்டேன். அத நீதான் சொல்லணும்."

பிப்ரவரி 1, திங்கள்

என் மெமோவை நானே தட்டச்சு செய்தேன். 'உண்மைக்குப் புறம்பாக' என்பதில் ஒரு எழுத்து விட்டுப்போய், திருத்தி மறுபடி அச்செடுத்தேன்.

சொரிமுத்து சாருக்குச் சாவி திரும்பி வந்தது. நான் இன்னும் சொல்லவில்லை. வேலை தலைக்குமேல் இருக்கிறது. வரலாறு முடியட்டும்.

பிப்ரவரி 5, வெள்ளி

பேக்கப். எழுத ஐம்பது, ஒப்பிட ஐம்பது. இரண்டு கோப்பு ஒத்துப்போகவில்லை. இரண்டின் பெயரையும் பதிவேட்டில் எழுதினேன். இரண்டாவது ஓட்டம் தொடங்கியதும் சொரிமுத்து சாரின் விரல் தாள்மேல் நின்றது. தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு வேலையைப் பார்த்தார்.

கடைசி பஸ்.

பிப்ரவரி 17

பதினோராம் பாடம். ஞாயிற்றுக்கிழமையும் வேலை. கோவிலுக்குப் போகவில்லை என்று இவர் முணுமுணுக்கிறார். எனக்கு விரல் நுனியெல்லாம் காந்துகிறது. அவருக்கு எப்படி இருக்கும் என்று கேட்டேன். "பழகிப்போச்சு மேடம். ராத்திரி தேங்காண்ண தேச்சா சரியாவும்" என்றார்.

இன்று மட்டும் மூன்று முறை சொல்ல வாயெடுத்தேன்.

மார்ச் 4, வியாழன்

பதினான்கு பாடமும் முடிந்தது. அச்சு ஓடுகிறது.

மார்ச் 8, திங்கள்

பதினேழு கட்டும் பஸ்ஸில் போயிற்று. பரீட்சைக்கு ஒன்பது நாள். இரண்டு மாதம் கையில் இருந்திருக்க வேண்டிய புத்தகம். பதினேழு பிள்ளைகளுக்கும் நான் ஐம்பது நாள் கடன்பட்டிருக்கிறேன், அதை எப்படியும் திருப்பித் தர முடியாது.

மார்ச் 12, வெள்ளி

இன்று சொல்லிவிட்டேன். டேப் ஓடிக்கொண்டிருந்தது. முதல் ஓட்டம் முடிந்து, டேப் முதலுக்குச் சுற்றிக்கொண்டு போகிற நேரம்.

"சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த டேப்பெல்லாம் கெட்டது உங்களால இல்ல. நான்தான்—"

"தெரியும் மேடம்."

தாளாளர் சொல்லிவிட்டாராக்கும் என்று நினைத்தேன். இல்லை என்று சொரிமுத்து சார் தலையாட்டினார்.

"அக்டோபர்லேயே தெரியும். மொதல் ரெண்டு வாரம் ரெண்டு தடவ ஓடிச்சு. அப்புறம் ஒரே ஓட்டம்தான். அந்த ஒண்ணும் திக்கித் திக்கித்தான் ஓடும். நல்லா ஓடுத தறிக்கும் இழை அறுத்துக்கிட்டே ஓடுத தறிக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு? அன்னைக்கே கேட்டேம்லா. செட்டிங்னு சொன்னீங்க."

"அப்போ தாளாளர் உங்களச் சொன்னப்போ நீங்க ஏன் சார் வாயத் திறக்கல? வேலையே போயிருக்குமே. உங்கள நிறுத்துற லெட்டர நான்தான் அடிச்சேன், தெரியுமா?"

"எட்டாம் பாடம்னு சொன்னீங்களே, அன்னைக்கா?"

"ஆமா."

"எட்டாம் பாடத்துல அவ்வளவு சின்னச் சின்ன வரி கிடையாது. என்னமோ லெட்டருன்னு நெனச்சேன்." கொஞ்ச நேரம் தன் விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "நான் சொல்லி என்ன மேடம் ஆவப்போவுது? குருடன் டேப்பக் கீழ போட்டுட்டு, சத்தம் கேக்கலன்னு கத கட்டுதான்னுதான் சொல்லுவாங்க. பதிவேட்டுல உங்க டிக்கு இருக்கு. எனக்கு வெறும் காதுதான் இருக்கு."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் அழுதிருக்க மாட்டேன். சத்தமில்லாமல்தான் அழுதேன். அவருக்கா தெரியாமல் போகும்?

டேப் முதலுக்கு வந்து நின்றது. டக்கென்று ஒரு சத்தம். மறுபடி ஓடத் தொடங்கியது.

"இந்தா, ஆரம்பிச்சிட்டு" என்றார். "அழாதீங்க மேடம். இது முடிய ஐம்பது நிமிசம் ஆவும், டீ சொல்லுங்க."

ஏப்ரல் 9, வெள்ளி

சொரிமுத்து சாரின் நிரந்தர உத்தரவை அடித்தேன். நிஜமாகவே. அச்செடுத்ததை அவர் கையில் கொடுத்தால் வெறும் வழுவழுத் தாள் என்பதால், பிரெய்லிலும் ஒன்று எடுத்துக் கொடுத்தேன். நின்ற இடத்திலேயே மூன்று தடவை தடவிப் படித்துவிட்டு, நான்காம் வரியில் ஒரு பிழை இருக்கிறது என்றார். இருந்தது.

பதிவேட்டில் ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறேன், 'கேட்டது' என்று. இரண்டாவது ஓட்டம் முடிந்ததும் அவர் எழுத்தாணியால் அதில் தன் பெயரின் முதல் எழுத்தைக் குத்துவார். தாளாளரும் பார்த்துவிட்டுச் சரி என்றார். இன்று டேப் இரண்டு. என் டிக் இரண்டும் போட்டேன். ஐந்தாவது கட்டத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு அறையைப் பூட்டினேன்.